மூன்று மாதப் பிள்ளைக்கு ஒரு பாஸ்போர்ட் படம்

அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்கே அடையாள அட்டைப் படம் எடுத்துவிட்டு வந்திருந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு முகம்! ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் நாற்காலியில் சாய்ந்தேன்.

"இனி யாரு வந்தாலும் இந்தக் கை கேமராவைத் தொடாது."

"யாரு தொடச் சொன்னா? மகாராணி ரெஸ்ட் எடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். படம் அச்சடிப்பது, வெட்டுவது, என்னைக் கிண்டல் செய்வது எல்லாம் அவள் பொறுப்பு.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள், தோளில் பிள்ளையோடு. மறுநாள் காலை பாஸ்போர்ட் ஆபீஸில் நேரம் கொடுத்திருந்தார்கள். விட்டால் அடுத்தது இரண்டு மாதம் கழித்துத்தான். வெளிநாட்டில் இருக்கிற கணவர் இன்னும் பிள்ளையைத் தூக்கியதே இல்லையாம்.

"போன்லயே நூறு எடுத்துப் பாத்துட்டேன்க்கா. ஒண்ணுலயும் கண்ணு நேரா இல்ல. பாஸ்போர்ட் படத்துல சிரிக்கவும் கூடாதாமே."

"ரொம்ப முடியலம்மா..." என்று இழுத்தேன். அவள் வாதாடவே இல்லை. "சரிக்கா" என்று திரும்பினாள். அந்தச் 'சரி' என்னை என்னமோ செய்துவிட்டது, பாருங்கள்.

"ஒண்ணே ஒண்ணு எடுங்க அண்ணி. வரலைன்னா விட்டுரலாம்," என்றாள் நாத்தனார்.

கைக்குழந்தை என்றால் எங்கள் வழக்கம் இதுதான்: அம்மாவைத் தலையோடு வெள்ளைத் துணியால் போர்த்தி உட்கார வைத்து, மடியில் பிள்ளையை வைப்போம். படத்தில் வெள்ளைச் சுவர் மாதிரி தெரியும். இந்தப் பிள்ளையோ அம்மா எங்கே என்று அண்ணாந்து பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. நானும் விட்டேன். துணிக்குள்ளிருந்தும் ஒன்று வந்தது.

"ஐயோ, பேய் கொட்டாவி விடுது அண்ணி!"

துணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஒன்றே ஒன்று என்று எழுந்த நான் இருபது எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: பிள்ளை தேடுகிற முகத்தை நாங்களே மூடி வைத்திருக்கிறோம்!

"நீ வெளிய வாம்மா."

துணியைத் தரையில் விரித்துப் பிள்ளையைக் கிடத்தினோம். நான் மேலே குனிந்தேன். அவள் என் கன்னத்தோடு கன்னம் ஒட்டி, "அம்மா இங்கடா தங்கம்" என்றாள். பிள்ளை வாயை மூடி, எங்களை நேராகப் பார்த்தது. ஒரே கிளிக். "வந்துருச்சு!" என்று நான் கத்திய கத்தில் அழவும் ஆரம்பித்தது.

அச்சான படத்தை அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லா இருப்பீங்கக்கா. இவ்வளவு களைப்புல..."

"நீ வந்ததுக்கு நான்தாம்மா நன்றி சொல்லணும்," என்றேன். உண்மைதான். காலையிலிருந்து எடுத்ததில் ஒரு முகம்கூட எனக்கு நினைவில்லை. "ஆமா, நீயும் பிள்ளையும் சேர்ந்து படம் வச்சிருக்கியா?"

"எடுக்கிறதே நான்தானேக்கா. நான் எப்படி அதுல இருப்பேன்?"

"உக்காரு."

நாத்தனார் அவள் முடியை ஒதுக்கிவிட்டாள். அந்தப் பெண் தயங்கிக் கேட்டாள்:

"இதுல சிரிக்கலாமாக்கா?"

"தாராளமா!"