சுந்தரியின் டேனிஷ் நாற்காலி

பக்கத்து வீட்டு இங்கிரிட் அம்மா டென்மார்க்குக்கே திரும்பிப் போனபோது, திரிபுரசுந்தரிக்கு ஒரு நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் போனார். "வார்னிஷ் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும்" என்பதுதான் அவர் சொன்ன ஒரே பக்குவம்.

"குஷன் கிடையாது, பாலிஷ் கிடையாது. உட்கார்ற இடமெல்லாம் காகிதக் கயிறு. இதை யார் மதிப்பாங்க?" என்று அவள் கணவர் வைத்தீஸ்வரன் மூக்கைச் சுளித்தார். அவர் அதில் உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை.

சுந்தரி உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் நின்று பாடம் நடத்திக் கால் வீங்கி வருபவள், சாயங்காலம் சேலையூர் வீட்டு வராந்தாவில் அதில் சாய்வாள். வளைந்த மரம் இடுப்பைப் பதமாகப் பிடித்துக்கொள்ளும். தாம்பரத்தில் ரயில் ஊதுவது எங்கேயோ கேட்கும். கண்ணை மூடினால், அவள் பார்த்தே இராத ஒரு கடல் வரும். பால் கலந்தது போல வெளிச்சம். அங்கே யாரும் அவளை எதற்கும் கூப்பிட மாட்டார்கள்.

தொண்ணூற்றொன்றில் பல்லாவரத்துப் பழைய சாமான் வியாபாரி கேசவன் பீரோ ஒன்றைப் பார்க்க வந்தார். பீரோவை மறந்துவிட்டு, நாற்காலியைக் கவிழ்த்து அடியில் இருந்த முத்திரையைப் பார்த்தார்.

"இன்னா சார், இத்தப் போய் வெளில போட்டு வெச்சிகிறீங்க? ஒரிஜினல் டேனிஷ்! ஒரு கறை இல்ல. பாம்பே பார்ட்டி கண்ண மூடிகினு எடுத்துப்பான். ஆயுத பூஜை முடிஞ்சதும் வண்டியோட வரேன்."

அன்றே நாற்காலி கூடத்துக்குக் குடியேறியது. வைத்தீஸ்வரன் பிளாஸ்டிக் உறை மாட்டினார். "இனிமே அதுல உட்காராதே சுந்தரி, கயிறு தொய்ஞ்சிடும்."

நாற்காலிக்கு மதிப்பு வந்ததும் அவளுக்கு இடம் போயிற்று. சாயங்காலங்களில் வராந்தாத் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்தாள். அழுகைதான் வந்தது.

ஆயுத பூஜையன்று, வீட்டில் உழைக்கிற சாமானுக்கெல்லாம் வழக்கம்போல் சந்தனம் குங்குமம் வைத்தாள். கிரைண்டர், தையல் மிஷின், அவருடைய ஸ்கூட்டர். கடைசியாக நாற்காலியின் உறையைக் கழற்றினாள். இந்த வீட்டில் தனக்கென்று உழைத்தது இது ஒன்றுதானே என்று மனம் நெகிழ்ந்துபோயிற்று. முதுகிலும் இரண்டு கைகளிலும் ஈரக் குங்குமத்தைத் தாராளமாகவே வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து வந்த கேசவன் துடைத்தார், தேய்த்தார். பாலிஷ் இல்லாத மரம் சிவப்பை நன்றாகக் குடித்திருந்தது.

"போச்சு சார். பொட்டு வெச்ச சேர எந்தப் பார்ட்டி எடுப்பான்? இழைச்சி வையுங்க, ஏதோ கொஞ்சம் தேறும்." அவர் கிளம்பிவிட்டார்.

வைத்தீஸ்வரன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். "நாற்காலிக்கு யாராவது பொட்டு வெப்பாங்களா? அறிவு வேண்டாம்?"

சுந்தரிக்குப் பயமாகத்தான் இருந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷம் பொங்கியது. நாற்காலியைத் தானே வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போய், சாய்ந்து, கண்ணை மூடினாள். அவர் குரல் ஏதோ தூரத்துக் கரையிலிருந்து கேட்டது.

"நாளைக்கே ஆசாரியைக் கூட்டிட்டு வந்து இழைச்சிடறேன்!"

"கூட்டிட்டு வாங்க" என்றாள் கண்ணைத் திறக்காமலே. "நான் எழுந்தாத்தானே இழைப்பாரு."