போயிடுச்சு

ஸ்டூலின் மேல் ஏறி நின்று, ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே கையை நீட்டி, பெரியவள் கைப்பேசியை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் சிக்னல் என்பது ஜன்னலோடு சரி. அதுவும் ஒற்றைக் கோடு. பேசினால் இரண்டாவது வார்த்தையில் அறுந்துவிடும். எஸ்எம்எஸ் மட்டும், சின்னதாக இருந்தால், முக்கி முனகிப் போய்ச் சேரும். அதனால் அவள் நீட்டி முழக்காமல் ஒரே சொல்லை அடித்து வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினாள்.

'போயிடுச்சு.'

போனது இன்டர்நெட். பத்தரை மணிக்கு. அலமாரி மேலிருந்த வெள்ளைப் பெட்டியில் பச்சையாக இருக்க வேண்டிய விளக்கு சிவப்பாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பதினொன்றுக்குத் தம்பி வீடியோவில் வருவதாகப் பேச்சு. காலையில் வந்த நர்ஸ் அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அவளை வாசல் வரை கூட்டிப்போய்ச் சொல்லியிருந்தாள்: "இன்னைக்குப் பொழுதைத் தாண்டுறது கஷ்டம்க்கா. பேச வேண்டியவங்க யாரும் இருந்தா பேசிடச் சொல்லுங்க."

தம்பியிடமிருந்து பதில் வந்தது. 'எப்போ?'

'பத்தரைக்கு. ஆளுக்குச் சொல்லியாச்சு.'

அதற்குப் பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லை. புரிந்துகொண்டான், நல்ல பிள்ளை என்று அவள் ஸ்டூலை விட்டு இறங்கினாள். தெருமுனைக்குப் போனால் நன்றாகவே சிக்னல் கிடைக்கும். ஆனால் அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது?

"சின்னவன் வந்துட்டானா?" கட்டிலிலிருந்து அப்பா கேட்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அடுத்த தெருவரை கேட்ட குரல் இப்போது கிட்டே போய்க் குனிந்தால்தான் காதில் விழுகிறது.

"லைன்ல கோளாறுப்பா. ஆள் வருது."

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பெருசை ஏமாத்துறீங்க."

அந்தப் பெயர் பிள்ளைகள் வைத்தது. பள்ளிக்கூடம் போன காலத்தில் அவர் காதுபடாத தூரத்தில் ஆரம்பித்து, காதில் விழுந்த பிறகும் நிற்கவில்லை. பெருசு என்று ஆகிவிட்டால் அதற்கப்புறம் மரியாதை ஏது? பெருசு சாப்பிட்டுச்சா, பெருசு தூங்குதா, பெருசு இன்னைக்கு ரொம்பக் கத்துது. நேற்றுக்கூடத் தம்பிக்கு அப்படித்தான் அனுப்பினாள்: 'மருந்து குடிச்சுது, தூங்கிடுச்சு.' அக்காவும் தம்பியும் கொஞ்சுவதே அப்படித்தான். இதை வெளியாள் யாராவது கேட்டால் பல்லைக் கடிப்பார்கள்.

பிளக்கைப் பிடுங்கி, முப்பது எண்ணி, மறுபடி மாட்டினாள். மூன்று தடவை. சிவப்பு சிவப்பாகவே இருந்தது. அப்பாவின் மூச்சு இரண்டு இழுப்புக்கு ஒரு தரம் நின்று யோசித்துவிட்டுத் தொடர்ந்தது. அந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் அவள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டரை ஆனது.

ஒரு மணிக்கு நெட் ஆள் வந்தார். நரைத்த மீசை, இடுப்பில் பை. மத்தியானச் சுற்றுக்கு நர்ஸும் கூடவே வந்து சேர்ந்தாள். அவர் பெட்டியிலிருந்து மஞ்சள் கேபிளை உருவி, அதன் முனையில் பேனா மாதிரி ஒரு டார்ச்சைச் செருகினார்.

"திரையை இழுத்து விடுங்கம்மா. எங்க சிவப்பு கசியுதோ, அங்கதான் நொடிஞ்சிருக்கு."

அறை இருட்டியது. மூன்று பேரும் சுவரோரமாகக் கேபிள் போன வழியே குனிந்து பார்த்துக்கொண்டு போனார்கள். அலமாரிக்குப் பின்னால் இல்லை. கதவு இடுக்கில் இல்லை. அப்பாவின் கட்டிலுக்கு அடியில், தலைமாட்டுப் பக்கத்துக் காலருகே, தரை சிவந்து கிடந்தது.

"கட்டில் கால் கேபிள் மேல ஏறி நிக்குது. யாரு நகர்த்துனது?"

நகர்த்தியது பெரியவள்தான். நர்ஸ் போன பிறகு, பத்தரைக்கு, படுத்தபடியே தம்பி முகம் நேராகத் தெரியட்டும் என்று ஒரு சாண் இழுத்துப் போட்டாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

"கட்டிலை அசைக்கக் கூடாது," என்றாள் நர்ஸ். "காலைல ஒருக்களிச்சுப் படுக்க வெச்சதுக்கே மூச்சு எப்படி இழுத்துச்சு, பாத்தீங்கல்ல?"

"புதுசா கேபிள் இழுக்கணும்னா நாளைக்குத்தான்மா முடியும்."

நாளைக்கு. நர்ஸ் கட்டில் பக்கம் பார்த்தாள்.

"தூக்குங்க," என்றார் அப்பா. "பெருசு அப்படி ஒண்ணும் கனமில்ல."

நர்ஸும் அவளும் தலைமாட்டைத் தூக்கினார்கள். இரண்டு விரல் உயரம்தான். நெட் ஆள் கேபிளை உருவுவதற்குள் அப்பாவின் உதடு நீலம் பாரித்தது. கண் மேலே செருகியது. "இறக்குங்க, இறக்குங்க" என்று நர்ஸ் கத்தினாள். கட்டில் தரையைத் தொட்டு வெகுநேரம் கழித்துத்தான் மூச்சு திரும்பி வந்தது. நெட் ஆள் அவர்கள் பக்கம் திரும்பாமல், தலைமயிர் போன்ற அந்தக் கண்ணாடி இழையை வெட்டி, துடைத்து, புது முனை மாட்டினார். விளக்கு பச்சையாகி நின்றது.

"இனிமே கட்டிலை நகர்த்தாதீங்க," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கைப்பேசி அதிர ஆரம்பித்தது. தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. எல்லாம் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியது.

'எப்படிக்கா?'

'போனை எடு.'

'கடைசியா என்னைக் கேட்டுச்சா?'

'டிக்கெட் கிடைச்சிடுச்சு.'

'ஏறிட்டேன். ராத்திரிக்குள்ள வந்துடுவேன். அதுவரைக்கும் பெருசை எடுத்துடாதீங்க.'

அவள் கடைசி வரியை இரண்டு தரம் படித்தாள். பிறகு தான் அனுப்பியதைத் தேடி எடுத்துப் பார்த்தாள். போயிடுச்சு. பத்தரைக்கு. ஆளுக்குச் சொல்லியாச்சு. எதைப் பற்றி என்று அதில் எங்கேயும் இல்லை.

அவனைக் கூப்பிட்டாள். மணியே போகவில்லை. 'பெருசு இருக்குடா. போனது நெட்' என்று அடித்து அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது விழவில்லை.

"என்ன சொல்றான்?" என்றார் அப்பா.

அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். "கிளம்பிட்டான்பா. நேர்லயே வர்றான்."

"நேர்லயா?" நான்கு நாளாகப் பாதி மூடியே கிடந்த கண்கள் முழுசாகத் திறந்தன. "என்னைப் பாக்கவா?"

"பின்ன? உங்களைப் பாக்கத்தான்."

பொய்யில்லை. ஆனாலும் அதைச் சொன்ன வாயை அவளுக்கு அறைய வேண்டும் போலிருந்தது.

"லீவு குடுத்துட்டானுங்களா?" அவர் சிரிக்கப் பார்த்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டார். "ஷேவ் பண்ணி விடு. இந்த மூஞ்சியைப் பாத்தா பொணம்னு நினைச்சுக்கப் போறான்."

நர்ஸ் அவளைப் பார்த்தாள். தலையை மட்டும் லேசாக அசைத்தாள். ராத்திரி வரை தாங்காது என்று அர்த்தம்.

பெரியவள் குவளையில் வெந்நீர் கொண்டுவந்தாள். நுரை குழைத்து இரண்டு கன்னத்திலும் தடவினாள். வலது கன்னத்தை மேலிருந்து கீழாக, குழி விழுந்த இடத்தில் தோலை விரலால் இழுத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வழித்தாள். அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவனுக்கு மாடி அறையைப் பெருக்கி விடு என்றார். குண்டாயிட்டானா என்றார். போன தடவை சண்டை போட்டுக்கிட்டுப் போனானே, அதை அவன் மறந்திருப்பான் இல்ல என்றார்.

"எப்பவோ மறந்துட்டான்பா. ஆடாதீங்க, கீறிடும்."

"எத்தனை மணிக்கு வந்து சேருவான்?"

"பதினொன்னு ஆகும்."

"முழிச்சிருக்கேன்," என்றார்.

அவள் ரேசரைக் குவளையில் அலசிவிட்டு நிமிர்ந்தாள். இடது கன்னத்து நுரை அப்படியே இருந்தது. நர்ஸ் எழுந்து வந்து கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். வைத்தபடியே நின்றாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணு இருபது."

அலமாரியில் பச்சை விளக்கு நிலையாக எரிந்துகொண்டிருந்தது. கைப்பேசியில் ஒற்றை டிக் ஒற்றையாகவே இருந்தது.

"தம்பிக்கு என்னக்கா சொல்லப் போறீங்க?"

பெரியவள் குவளைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிதாக வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்தாள். சூட்டை விரல் விட்டுப் பார்த்தாள். அப்பாவின் முகத்தை வலிக்காமல் மெதுவாக வலப்பக்கம் திருப்பி வைத்து, இடது கன்னத்தை மழிக்க ஆரம்பித்தாள்.