பவளத் தொட்டி ஓரத்துக் கட்டில்

ஹபீப் முகம்மதின் உடலைச் சுமந்த சந்தூக்குப் பெட்டி பேட்டைத் தெருமுனை திரும்பியதும், மருமகள் ஷம்ஸியா அவர் அறைக்குள் வந்து கதவை ஒருக்களித்தாள். கூடத்துப் பெண்களின் முகத்தில் விழிக்க முடியவில்லை. காலையில் கணவனின் அக்காள் முஃபீதா மைனி, தன் வாப்பாவின் மெலிந்த மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பத்துப் பேர் நடுவே சத்தம் கூட்டாமல் கேட்டிருந்தாள்.

"மீனைப் பட்டினி போட்ட மாதிரி எங்க வாப்பாவையும் போட்டுட்டியோ?"

மீனைப் பட்டினி போட்டது மெய்தான். அந்தக் கடல்மீன் தொட்டி கணவன் ரசீத் லீவில் வந்தபோது ஆசையாக வைத்தது. நீல வெளிச்சத்தில் பவளங்கள் விரல் விரலாக அசையும். படுக்கையில் விழுந்த மாமனார் அதைப் பார்த்தே கிடக்கலாம் என்று கட்டிலை ஒட்டிப் போட்டார்கள். மூன்று மாதமாக என்ன கேடோ, பாறை முழுக்கப் பாசி நூல்நூலாய்ப் படர்ந்தது. பவளங்கள் மூடிய கையைப் போலச் சுருங்கிவிட்டன. துபாயிலிருந்து ரசீத் போனில் எட்டிப் பார்த்துக் கேட்காத கேள்வியில்லை. உப்பு எந்தத் தண்ணீரில் கலக்கினாய், விளக்கு எத்தனை மணி நேரம், மேலே எண்ணெய்ப் படலம் எப்படி வந்தது? தண்ணீர் கெட்டால் சிவக்கும் சோதனைக் குப்பியில் சொட்டு விட்டால், ஒவ்வொரு வாரமும் செக்கச்செவேலென்று வரும். தீனி கூடிவிட்டது, குறை என்றான். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை என்று குறைத்தாள். பாசி குறையவில்லை.

மாமனாரோ நாளுக்கு நாள் கரைந்தார். தொண்டை அடைபட்டு வருகிறது என்றார் டாக்டர். ஆனால் வேளைக்கு வேளை கஞ்சிக் கிண்ணம் வழித்துத் துடைத்துத் திரும்பி வந்தது. "நல்லாருந்துச்சு மவளே" என்பார். தன் கைக்குத்தான் ராசியும் பரக்கத்தும் இல்லையோ என்று ஷம்ஸியா தனக்குள்ளே மருகிக்கொண்டிருந்தாள்.

கட்டிலை வெளியே எடுத்துவிட்டதால் இப்போதுதான் தொட்டியின் பக்கவாட்டில், தலைமாட்டை ஒட்டியிருந்த தடுப்பறை கண்ணில் பட்டது. உள்ளே மோட்டார் மட்டும்தான் என்று ரசீத் சொல்லியிருந்தான். கட்டில் மறைத்ததால் அவள் திறந்ததே இல்லை. மூடி விலகியிருந்தது. தூக்கினாள். வாடை முகத்தில் அடித்தது. கையை விட்டாள். குழைந்த சோறு. அதற்குள் உப்பரித்த சிறு கரண்டி.

வழித்துத் துடைத்த கிண்ணத்துக் கஞ்சியெல்லாம் இங்கேதான் கிடந்தது. பிறகு கூப்பிட்டாள்.

"மைனி, இங்கன கொஞ்சம் வாங்களேன்."

முஃபீதா விறைப்பாகத்தான் வந்தாள். கரண்டியைப் பார்த்தாள், தடுப்பைப் பார்த்தாள். முழங்கை வரை ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு கைவிட்டுத் துழாவினாள். பழுப்பாய் ஒரு கட்டி வந்தது. மோந்து பார்த்தாள்.

"இது கஞ்சியில்லியே."

ஷம்ஸியா சொல்லத் தயங்கினாள். "நீங்க வெள்ளிக்கெழம தோறும் காயல்பட்டினத்துலேருந்து இனிப்புன்னு குடுத்துவிட்ட வட்டலப்பம், மைனி."

"பூராத்தையும் தின்னுட்டேன்னுல்லா சொன்னாவ."

"கஞ்சிக்கும் அப்படித்தான் சொன்னாவ."

முஃபீதாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஷம்ஸியா தொட்டால், சிரிப்பு. முந்தானையை வாயில் அடைத்தும் அடங்கவில்லை. ஷம்ஸியாவையும் அது பிடித்துக்கொண்டது. மூன்று மாதமாக நெஞ்சில் கல்லாய்க் கிடந்தது உருண்டு விலகிய மாதிரி இருந்தது. கூடத்தில் யாரோ அதை அழுகை என்று எண்ணி, "பொறும செய்யுங்கம்மா" என்று ஆறுதல் சொன்னார்கள்.

இருவரும் சேர்ந்தே தடுப்பை வழித்து வாளியில் போட்டார்கள். துபாயிலிருந்து விடியற்காலையில் வந்து இறங்கியிருந்த ரசீத், அடக்கம் முடிந்து காலில் கபர் மண்ணோடு வந்து நின்றான். அவன் வாய் திறக்குமுன் அக்காள் முந்திக்கொண்டாள்.

"லே, இவமேல ஒரு குத்தமும் கெடயாது. பாசி வளத்தது நம்ம வாப்பாதான்."

அவன் குனிந்து வாளிக்குள் பார்த்தான். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான்.

பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வந்திருந்தது. முஃபீதா கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு ஷம்ஸியாவைப் பிடித்து உட்காரவைத்தாள். சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை அவளுக்கு ஊட்டினாள். அது தொண்டையில் இறங்குகிற வரை ஷம்ஸியாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.