இருபத்தொன்பதாம் தேதியின் தத்துவஞானி

காலண்டர் அச்சகத்தில் பதினான்கு வருடமாக மெய்ப்புத் திருத்தும் 'புரூஃப் அக்கா'வுக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. ஒரே ஒரு பொய் மட்டும் உண்டு. அதுவும் அச்சேறி, நாற்பதாயிரம் சுவர்களில் ஒரு நாள் முழுக்கத் தொங்கிவிட்டது.

அந்த அச்சகத்தின் தினசரி காலண்டரில் தேதிக்குக் கீழே ஒரு பொன்மொழி இருக்கும். எல்லாம் முந்நூறு, நானூறு வருடங்களுக்கு முன்பு வாழ்ந்தவர்கள் சொன்னவை: தொலைநோக்கியால் வானத்தைத் துருவியவர்கள், மன்னர்களையே கேள்வி கேட்டவர்கள், சிறையில் உட்கார்ந்து புத்தகம் எழுதியவர்கள். அந்தப் பெரியவர்களில் ஒருவருக்காவது சுருக்கமாகப் பேச வந்திருந்தால் அக்காவின் கண் இவ்வளவு கெட்டிருக்காது. அரைப் பக்க வாக்கியத்தை இரண்டு வரிக்குள் அடக்க வேண்டும். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று பதிவேட்டில் குறிக்க வேண்டும். "நம்ம காலண்டர்ல ஆதாரம் இல்லாம ஒரு வார்த்தை வராது" என்று முதலாளி போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மார்தட்டுவார்.

இந்த வருடத்துக் காலண்டரைத் தயாரித்தபோதுதான் வினை வந்தது. முந்நூற்று அறுபத்தைந்து பொன்மொழிகளை அடுக்கிவிட்டு நிம்மதியாக இருந்தவளைப் பார்த்து, அச்சுக்குப் பிளேட் போடும் நேரத்தில் பிப்ரவரி இருபத்தொன்பது பல்லிளித்தது. லீப் வருடம் என்பதை மறந்தே போயிருந்தாள். மெஷின்காரர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அக்கா சட்டென்று தானே ஒன்றை எழுதினாள்: 'கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, உள்ளே வா என்று ஒருவர் சொல்ல வேண்டும்.' கீழே 'பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவஞானி' என்று போட்டாள். பெயர் வைக்கும் துணிச்சல் மட்டும் வரவில்லை.

ஏப்ரலில் ஒரு தலைமையாசிரியை அந்தத் தாளோடு வந்து முதலாளியின் எதிரே உட்கார்ந்தார்.

"எங்க பள்ளிக்கூடத்துல புது நூலகம் கட்டியிருக்கோம். வாசலுக்கு மேல இதத்தான் கல்லுல வெட்டப் போறோம். யாரு சொன்னதுன்னு தெரிஞ்சா பேரையும் சேத்து வெட்டிடலாம்."

"அதுக்கென்ன, ஆதாரத்தோட தர்றேன்" என்ற முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். "ஏம்மா, பதிவேட்ட எடுத்துட்டு வா."

ஏதாவது ஒரு பெயரைச் சொன்னால் கதை முடிந்தது. முந்நூறு வருடத்துக்கு முன்னால் செத்தவர் எழுந்து வந்து சண்டை போடப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். இதே குற்றத்துக்கு ஒருவரை முதலாளி முன்பே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். ஆனால் காலண்டர் தாள் மறுநாள் கிழிந்துவிடும், கல் கிழியாது. படிக்க வரும் பிள்ளைகள் முதலில் ஒரு பொய்யைப் படித்துவிட்டா உள்ளே போக வேண்டும்? அக்காவுக்கு அது பொறுக்கவில்லை.

"பதிவேட்டுல இருக்காதுங்க சார். அது நான் எழுதினது. ஒரு நாளைக்குக் குறைஞ்சுபோச்சு, நானே எழுதிட்டேன். சொல்லாம விட்டது என் தப்பு."

முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. "இத்தன வருஷம் கட்டிக்காத்த பேரும்மா இது. நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

அக்கா கெஞ்சவில்லை. தொண்டையில் சிக்கிய முள் இறங்கியது போலத்தான் இருந்தது.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியை. "இது எப்படித் தோணுச்சு?"

"இங்க வேலை கேட்டு வந்த அன்னிக்குக் கதவு திறந்துதான் இருந்துச்சுங்க. உள்ள வரத்தான் பயம். ஒரு மணி நேரம் வெளியவே நின்னுட்டு, திரும்பிப் போயிடலாம்னு நெனச்சேன். அப்பத்தான் ஒருத்தர், 'ஏம்மா வெயில்ல நிக்கிற, உள்ள வா'ன்னாரு. அவரு இதோ, உங்க எதிர்லதான் உக்காந்திருக்காரு."

"நான் அப்படியா சொன்னேன்?" என்றார் முதலாளி.

"சொன்னீங்க சார். அதுக்கு ஆதாரம் நான்தான்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி, துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இவங்க பேரையே வெட்டச் சொல்லிடறேன்" என்றார் தலைமையாசிரியை.

"எப்ப வெட்டறாங்க?" என்று கேட்டார் முதலாளி.

"நாளைக்குக் காலையில."

"கல்லுல தப்பு விழுந்தா திருத்த முடியாதுங்க. இவ நேரா அங்க வந்து பாத்துடட்டும்." பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "முடிச்சுட்டு இங்க வந்துடு. அடுத்த வருஷ வேலை அப்படியே கிடக்கு."

மறுநாள் கல்லின் மேல் சாக்பீஸால் எழுதியிருந்ததை அக்கா எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். எத்தனையோ மேதைகளின் பெயர்களைத் திருத்தியவள் தன் பெயரைத் திருத்துவது அதுதான் முதல் தடவை. ஒரு துணைக்கால் விடுபட்டிருந்தது. அதைப் போடவைத்த பிறகுதான், உளியை எடுக்கலாம் என்று தலையசைத்தாள்.