பவளம் போன ஆறு

உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆள் வருகிறார்கள். பக்கத்துத் திருப்புலிவனத்திலேயே பிறந்து வளர்ந்த தாண்டவராயன் அதில் ஒரு வரி படித்ததில்லை. ஆனால் அமெரிக்காவில் நெவாடா என்கிற வறண்ட சீமைக்கு முதல் மாட்டுவண்டிகள் எந்த வழியாகப் போயின, எந்தத் திருப்பத்தில் அச்சு முறிந்தது என்று கேட்டால் கடகடவென்று சொல்வார். சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் விற்கிற பாய், அட்டையில் நெவாடா என்று கண்டால் எடுத்து வைத்துவிட்டு ஒரு கார்டு போடுவார். இவரும் நிலத்தில் விளைந்த மணிலாக்கொட்டை மூட்டையை விற்ற கையோடு பஸ் ஏறிவிடுவார். எல்லாம் நூறு வருஷத்துப் புத்தகங்கள், தொட்டால் அட்டைத் தோல் உதிரும். ஊர் அவருக்கு 'அமெரிக்காக்காரர்' என்று பேர் வைத்துச் சிரித்தது. சிரிக்கட்டுமே. அவர் எதைத் தேடினார் என்று தெரிந்தால் ஒருத்தருக்கும் சிரிப்பு வராது.

அவருடைய ஒரே மகள் பவளம், சுரங்க இன்ஜினீயரைக் கட்டிக்கொண்டு அந்த நெவாடாவுக்குத்தான் போனாள். எழுபத்தாறில், பிரசவத்தில், தாயும் பிள்ளையுமாகப் போய்விட்டார்கள். மருமகன் அங்கேயே தகனம் செய்து, ஊரை ஒட்டி ஓடுகிற ஹம்போல்ட் ஆற்றில் சாம்பலைக் கரைத்ததாக எழுதினான். பெற்றவர்களுக்கு முகம் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

மனைவி ஆண்டாளம்மாள் அழுது ஓய்ந்தபின் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த ஆறு கடலுக்குப் போவுதாங்க?"

கரைத்த சாம்பல் கடல் சேர்ந்தால்தான் போன உயிருக்கு அமைதி என்பது அவள் நம்பிக்கை.

"போவும் ஆண்டாளு. கடலுக்குப் போவாத ஆறு எங்கனா கீதா?"

"நல்லா தெரிஞ்சிக்கினு சொல்லுங்க. அப்பறந்தான் நான் கடல்ல கால் வெப்பேன்."

அதிலிருந்து ஆடி அமாவாசைக்கு ஊரே சதுரங்கப்பட்டினம் போய்க் கடலில் முழுகியும் அவள் மட்டும் போகவில்லை.

தாண்டவராயனுக்கும் மகள் விஷயத்தில் குத்துமதிப்பாகப் பேச மனசு ஒப்பவில்லை. பள்ளிக்கூட அட்லஸில் அந்த ஆறு மயிரிழையாக ஓடிப் பாதியில் நின்றது. அச்சு தேய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். செய்யாறும் பாலாறும் வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடந்தாலும் கடைசியில் ஒன்றுகூடிக் கடலைத் தொடுவதைப் பார்த்தவர் வேறென்ன நினைப்பார்? அதனால்தான் பழைய புத்தகங்களைத் தேடினார். அந்தக் காலத்தில் வண்டி கட்டிப் போனவர்கள் ஆற்றங்கரையோடேயே போய், அதன் ஒவ்வொரு வளைவையும் எழுதிவைத்திருந்தார்கள். ஒரு புத்தகத்தில் கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்றிருக்கும். இன்னொன்று பாதி வழியிலேயே முடிந்துவிடும். ஆனாலும் ஒவ்வொன்றிலும் ஆறு மேற்கே இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. மகளோடு கூடவே நடக்கிற மாதிரி அவர் படித்துக்கொண்டு போனார்.

எண்பத்தொன்றில், ஆடி பிறந்த கையோடு, முழுசாக ஒன்று கிடைத்தது. பம்புசெட் ஓரமாக உட்கார்ந்து கடைசி அதிகாரத்தைப் பிரித்தார். மேற்கே கடலை மறித்து நிற்கிற மலையை ஆறு தாண்டவே இல்லை. மேற்கே போகப் போக இளைத்து, உப்பு மண்ணில் பரவி, வெயிலில் வற்றி, அங்கேயே தீர்ந்துபோய்விடுகிறது என்று எழுதியிருந்தான் அந்தப் புண்ணியவான். அகராதியை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தார். எழுத்து மாறவில்லை. என் பொண்ணு பொட்டல் மணல்லயே நின்னுட்டாளே என்று, துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆண்டாளம்மாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாங்க, தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிச்சு."

"சேந்துட்டாளா?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எந்தப் பாவிக்கு வாய் வரும்?

"சேந்துட்டா ஆண்டாளு. நல்லபடியா சேந்துட்டா."

அந்த அமாவாசைக்கு அவள் மஞ்சள் பூசிக்கொண்டு, கையில் பவளத்துக்குப் பிடித்த கனகாம்பரத்தோடு சதுரங்கப்பட்டினத்துக் கடலில் இறங்கினாள். ஒரு கை தண்ணீரை அள்ளி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"பவளம்! வந்துட்டியாடி என் கண்ணு! எம்மாந்தூரம் வந்துகீற!"

அஞ்சு வருஷத்தில் முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

"நீங்களும் வந்து கூப்புடுங்க. அப்பா கொரல கேட்டா அதுக்கு மனசு குளிர்ந்து பூடும்."

தாண்டவராயன் இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றார். அலையைப் பார்த்துக் கூப்பிட அவரால் முடியவில்லை. கரைப் பக்கம் திரும்பி, வெயிலில் காய்ந்துகொண்டிருந்த மணலைப் பார்த்துத் தொண்டை கிழியக் கூப்பிட்டார்.

"பவளம்! அம்மா பவளம்!"

ஆண்டாளம்மாள் நெருங்கி வந்து அவர் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"அங்க யாரு கீறாங்க? கடலு இந்தப் பக்கம் கீதுங்க."