மழை நின்ற பிறகு வரும் பச்சை

மழைக்காலம் முழுக்க ஓடை செம்மண் கரைசலாக ஓடும். அதற்கு ஊரில் யாரும் கவலைப்பட்டதில்லை. மே மாதம் பிறந்து, மழை ஓய்ந்து, நீர் மெலிந்த பிறகுதான் தொல்லை. கல்லெல்லாம் பாசி பிடித்து வழுக்கும். தண்ணீர் பச்சையாகி நாறும். உலமிலாவின் மகள் கெலேராவுக்கு அந்த நாட்களில் ஓடையில் குளித்தாலே காலெல்லாம் புண்ணாகிவிடும். ஃபிஜியின் மலையடிவாரத்தில் வெயில் காலம் என்றால் இப்படித்தான் என்று ஊர் தேற்றிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காட்டுக்கீரை பறிக்க உலமிலா ஓடையோரமாக மேலே ஏறினாள். அத்தை மகன் வைசாகேயின் பன்றிப்பட்டி கரையை ஒட்டி இருந்தது. அதைத் தாண்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். அங்கே தண்ணீர் தெளிந்து அடிமணல்வரை தெரிந்தது. அதே வெயில், அதே ஓடை. மழை வெள்ளம் பன்றிக் கழிவையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும்; வெயிலில் மட்டும் நாறியதால் இத்தனை வருஷமாக யாருக்கும் பட்டியின் மேல் சந்தேகம் வரவில்லை.

சொந்தக்காரனிடம் சண்டைக்குப் போக முடியுமா? மறுநாள், ஒன்று கேட்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் முறைப்படி, கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்ப்பொடியும், அதைக் கரைக்க ஒரு கேன் தண்ணீருமாக அவன் வீட்டுப் பாயில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன மச்சினி, தண்ணியையும் தூக்கிட்டு வந்துட்ட? எங்க வீட்டுல தண்ணிக்கா பஞ்சம்?"

"இது எங்க பக்கத்துத் தண்ணி மச்சான். உன் பன்னிங்க ஆசையா அனுப்பி வச்சது. கரைச்சுக் குடியேன்."

அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூடியைத் திறந்து முகர்ந்த வைசாகே முகத்தைச் சுளித்தான். உடனே கோபமும் வந்தது.

"என் தலையில கட்டுறியா? எங்கப்பா காலத்துலேருந்து பட்டி அங்கதான் இருக்கு!"

"பட்டிக்கு மேல வந்து பாரு. அப்புறம் எவ்வளவு வேணா திட்டு."

முணுமுணுத்துக்கொண்டே போனான். பட்டிக்கு மேலே தண்ணீரில் கைவிட்டுப் பார்த்தான். கீழே வந்து கைவிட்டான். கையை இலையில் அழுந்தத் துடைத்தான்.

"என் புள்ளைங்க மேல குளிக்குதுங்க. உன் பொண்ணு கீழ," என்றான். குரல் இறங்கியிருந்தது.

பட்டியை ஓடையை விட்டுத் தள்ளி மேட்டுக்கு மாற்ற ஊரே மூங்கில் சுமந்தது. பன்றிகளை ஓட்டிப்போவதுதான் பெரும்பாடு. ஒன்று வைசாகேயைச் சேற்றில் உருட்டிவிட்டது. காலியான கரையில், வழிந்து வரும் அழுக்கைத் தடுக்க உலமிலாவும் பெண்களும் நெருக்கமாக நாணல் நட்டார்கள்.

மறுபடி மழை வந்தது, ஓடை சிவந்தது, மழை நின்றது. தேங்கிய குட்டைகளில் கொஞ்சம் பச்சை படியத்தான் செய்தது. ஆனால் ஓடுகிற தண்ணீரில் நாற்றமில்லை. அந்த வெயில் காலம் முழுக்கக் கெலேரா ஓடையில் கிடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் கரையேற மறுத்தாள். உலமிலா கத்திக் கத்திப் பார்த்தாள். பிறகு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் இறங்கிவிட்டாள்.