ஆர்வில் ஸ்டக்கியின் நூற்றுப் பதினேழு சாவுகள்

பள்ளத்தாக்கு ஊரான பர்பேங்கின் சினிமா ஸ்டுடியோக்களில் வேலை பார்த்த முப்பது ஆண்டுகளில் ஆர்வில் ஸ்டக்கி நூற்றுப் பதினேழு முறை செத்தார், ஒன்றுகூட நடிப்பில்லை. வெற்றுத் தோட்டாவால் சுட்டாலும் அவர் நெஞ்சில் விரல் நுழையும் ஓட்டை விழும். ரப்பர் கத்தி குடலைச் சரிக்கும். இயக்குநர் 'கட்' சொன்னதும் காயம் மூடிக்கொள்ளும், அவர் எழுந்து புழுதியைத் தட்டியபடி தொப்பியைத் தேடுவார். காலையில் இரண்டு முறை தூக்கில் தொங்கிவிட்டு, மதியம் ஒரு தொலைக்காட்சித் தொடரில் கழுத்தறுபட்டதும் உண்டு. கதாநாயகனுக்கான முகமில்லை, அவர் சாகும் அழகுக்காகவே கதையில் ஓர் ஆளைச் சேர்த்தார்கள். உடைப் பிரிவில் இருந்த மனைவி வெர்னாவுக்குச் சட்டை ஓட்டைகளைத் தைத்தே அலுத்துப்போனது.

1958 ஆகஸ்டில் ஹாலிஸ் க்ரோவர் என்ற புது இயக்குநர் அவரைக் கோடரியால் பிளக்கவைத்தார். செத்த முகத்தை விட்டு கேமராவை நகர்த்த க்ரோவருக்கு மனம் வரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்ததில் ஃபிலிம் தீர்ந்துபோனது. ஃபிலிமே தீர்ந்தபின் 'கட்' எதற்கு? எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். வெர்னா வந்து பார்த்தபோது ரத்தத்தில் ஈ மொய்த்தது. பத்து முறை 'கட்' என்று கத்தினாள். அந்தச் சொல் இயக்குநருக்கு மட்டுமே உரியது. சாவுக்கும் அந்த விதி தெரிந்திருந்தது.

க்ரோவர் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

"சார், 'கட்' சொல்லுங்க. அவரு செத்துக் கெடக்காரு."

"நல்லாத்தானேம்மா கெடக்காரு? சாப்பிட்டு வந்து மேலேருந்து ஒரு ஷாட் எடுத்துக்கறேன். எந்திரிச்சா ரத்தம் கலைஞ்சிடும்ல?"

"யோவ், அது என் புருஷன்யா!"

மடக்கு நாற்காலியைத் தூக்கி அவர் வாயிலேயே அடித்தாள். மூன்று பற்கள் ரொட்டியின்மேல் விழுந்தன. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் தடுக்கவில்லை. தலைமுடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துவந்து பிணத்தருகே முட்டிபோடவைத்தாள். "சொல்லுடா." உடைந்த வாயிலிருந்து அந்தச் சொல் பாதிதான் வந்தது.

அதனால் ஆர்விலும் பாதிதான் எழுந்தார். இடது பக்கம் முகம் முதல் கால்வரை செத்தபடியே, சில்லென்று இருந்தது. "டேக் ஓகேவா?" என்று கோணல் வாயால் கேட்டார். வெர்னா ஓவென்று அழுதாள். க்ரோவர் பல் கட்டிக்கொண்டு வந்து முழுசாகவே பல முறை சொல்லிப் பார்த்தார்; பயனில்லை. அதற்குப் பிறகுதான் தொலைக்காட்சியில் ஆர்விலுக்கு ஓய்வே இல்லாமல் போனது: காலிழுக்கும் அடியாள், கை விளங்காத சிறைக்காவலர். ஆகஸ்ட் வெயிலில் பள்ளத்தாக்கே வேகும் நாட்களில் வெர்னா அவருடைய செத்த பக்கத்தை ஒட்டிப் படுத்துக்கொள்வாள். அந்தத் தெருவில் குளிர்சாதனம் வாங்காத வீடு அவர்களுடையது மட்டும்தான்.